ஓடைப் பாதைக்குப் போகாத செய்தி

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். பனி உள்ளே வந்தால் மூடிவிடுவேன். அடுப்பில் தண்ணீர் வைப்பேன். பால் வாங்குவதில்லை, எங்கள் லைன் வீடுகளில் தேத்தண்ணி என்றாலே பால் இல்லாததுதான். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். எஸ்டேட் ஆபீசுக்கு நடந்து போய், மேசை முன் உட்கார்ந்து, கீபோர்டில் ஏதாவது ஒரு பொத்தானைத் தொடுவேன். தூங்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும்.

இப்போது இருப்பது புதியது. தொட்டவுடன் எழுகிறது. நீங்கள் கேட்டது பழையதைப் பற்றி.

நான் முன்பு சொன்னதை எழுதிவைத்து, கையெழுத்துக்காக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதில் தவறு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போடுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். யானை எங்கே நிற்கிறது என்று வாட்சர் அய்யாவு காட்டோரத்திலிருந்து போனில் சொல்வார். எங்கள் பக்கம் யானை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். அவர் சொல்லும் இடத்தைக் கம்ப்யூட்டரில் தேர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் எஸ்டேட்டில் உள்ள எல்லோருடைய போனுக்கும் செய்தி போகும். இன்ன பாதையில் பெரியவர் நிற்கிறார், சுற்றிப் போங்கள். அவ்வளவுதான். இதற்குத்தான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால், ஓடைக்கு இறங்குகிறவர்கள் கோயில் வளைவில் நின்று தகரத்தைத் தட்டுவார்கள். கூவுவார்கள். கீழே மூங்கில் முறிகிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பார்கள். பிறகுதான் இறங்குவார்கள். செய்தி வரத் தொடங்கிய பிறகு அது நின்றுபோனது. செய்தி வரவில்லை என்றால் பாதை சும்மா இருக்கிறது என்று ஆகிவிட்டது. வளைவில் கட்டியிருந்த தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்கு மேலே போட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆனது. மறுநாள் காலை அது தூக்கத்திலிருந்து எழவில்லை. உள்ளே விசிறி சுற்றியது. முன்னால் விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் நன்றாக ஓடும். தூங்கினால் எழாது. தூங்கவே கூடாது என்று அமைத்துவைத்தேன். எங்கள் மலையில் கரண்ட் அடிக்கடி போகும். யு.பி.எஸ்ஸுக்கு மாறும்போதெல்லாம் அது தானாகத் தூங்கப் போனது.

கேபிளை மாற்றினேன். மானிட்டரை மாற்றினேன். பெட்டியைக் கழற்றி, ரேமை எடுத்து, அழிரப்பரால் துடைத்துப் போட்டேன். அப்டேட்டையே நீக்கினேன். மறுநாள் அது தானே திரும்பி வந்து ஏறிக்கொண்டது. ஹெட் கிளார்க் சில்வஸ்டர் தினமும் என் பின்னால் வந்து நிற்பார்.

“ஏம்ப்பா சுரேந்திரா, மூணாம் நாளாவது உயிர்த்தெழும்னு பாத்தேன். ஒன் டப்பாவுக்கு அந்த பாக்கியமும் இல்லை போல.”

ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் அய்யாவு சொல்வதைக் கேட்டு, ஒவ்வொரு லைனுக்கும் ஒருவரை நானே போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அது கஷ்டமாக இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபோது என்னை யாருக்கும் தெரியாது. குரல் கொடுத்தபோது தெரிந்தது. வழியில் பார்த்தவர்கள் நின்று பேசினார்கள்.

என் மனைவி வாசுகிக்குச் சொந்த ஊர் அரவேணு. கொங்குப் பேச்சு. எதற்கெடுத்தாலும் ஏனுங்க என்பாள். எங்கள் லைன் குடும்பங்கள் தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்தவை. எங்கள் லைன் பெண்கள் அவளை ‘ஏனுங்கக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அவள் பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது நான். அப்போது எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது.

ஒரு சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அது எந்திரிக்காம இல்லைங்க. எந்திரிச்சுத்தான் இருக்குது. திரைக்குத்தான் தெரிய மாட்டேங்குது. டிஸ்ப்ளே டிரைவரைப் பழசுக்கு மாத்திப் பாத்தீங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு” என்றேன்.

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மறுநாள் ஆபீசில் யாரும் இல்லாதபோது மாற்றினேன். தூங்கவைத்தேன். தொட்டேன். எழுந்தது. மறுபடி தூங்கவைத்தேன். மறுபடி எழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “மாத்திப் பாத்தீங்களா?”

“பாத்தேன். ஒண்ணும் ஆகலை.”

“அப்படீங்களா? சரி, எனக்கென்னங்க தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தோசைக் கரண்டியைத் தேடினாள்.

இதுதான் முதல் தவறு. நான் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தக் காலையில் கம்ப்யூட்டர் எழவில்லை என்று இருக்கிறது. அது அதற்கு முந்தைய வாரமே சரியாகிவிட்டது. அவளிடம் சரியாகவில்லை என்று சொன்னதால் ஆபீசிலும் அப்படியே சொல்ல வேண்டியிருந்தது. லைனில் ஒரு பேச்சு ஒரு வீட்டோடு நிற்காது. சில்வஸ்டர் வரும்போது திரையை அணைத்துவைப்பேன். அவர் தன் நக்கலைச் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு குன்னூர் வேலை. தேயிலை ஏலத்தோடு தொடர்புள்ள ஒரு வியாபார ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். என்னுடையதையும் அவள்தான் டைப் செய்து அனுப்பினாள். அவளைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

வார நாட்களில் அரவேணுவில் அம்மா வீட்டில் தங்கிக் குன்னூருக்குப் போய்வருவதாகவும், சனிக்கிழமை இங்கே வருவதாகவும் சொன்னாள்.

“நீங்களும் வந்துருங்க. குன்னூருல உங்களுக்கு ஒரு வேலை கெடைக்காமயா போயிரும்?”

“நான் வந்துட்டா இங்க யாரு பாக்கறது?”

“எதைங்க? அந்தத் தூங்குமூஞ்சி மெஷினையா?”

கேலியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் தட்டினாள். நாங்கள் சண்டை போட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பீர்கள். அவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள்.

வேலையில் சேரவேண்டிய நாள் காலையில் அவள் பை கட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு ஓடைப் பாதை குறுக்குவழி. மேல் ரோட்டில் சுற்றினால் முதல் பஸ் போய்விடும்.

“ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்திவிடறீங்களா?”

“ஆபீசுல வேலை இருக்கு.”

“அதுவுஞ் சரிதான். எல்லாருக்கும் நீங்கதானே குரல் குடுக்கோணும்” என்றாள். அதில் கேலி இல்லை. நான் கிளம்பினேன்.

பலா பழுத்திருந்த காலம். அந்த வாசனைக்குப் பெரியவர் வருவார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் ஆபீசில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அய்யாவு கூப்பிட்டார்.

“தம்பி, பெரியவரு ஓடைப் பாலத்தண்டை நிக்கிறாரு. ஒத்தை. கொம்பன். காதை அசைக்காம நிக்கிறதைப் பாத்தா மனசுக்குச் சரியாப் படலை. ஒரு குஞ்சு கீழ எறங்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

கீபோர்டைத் தொட்டேன். கம்ப்யூட்டர் எழுந்தது. ஓடைப் பாதையைத் தேர்ந்தேன். அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் வாசுகியின் போனுக்கும் செய்தி போயிருக்கும். போனை எடுத்து லைன் லைனாகக் கூப்பிட்டேன்.

கீழ் லைனில் அன்னக்கிளி அக்கா எடுத்தார். “இன்னிக்கும் ஒன் வாயாலதானா? மெஷினு இன்னும் குளிருக்குப் போத்திக்கிட்டா கெடக்கு?”

“ஆமாக்கா. ஓடைப் பக்கம் யாரையும் விடாதீங்க.”

“பெரட்டுக்குப் போற ஒருத்தியையும் விட மாட்டேன், நீ கவலைப்படாதே” என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடுவது. அந்தக் காலையில் கூட வேண்டிய அத்தனை பேரும் மேல் ரோட்டில் சுற்றி வந்து கூடினார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. நீங்கள் விசாரித்தபோது பொறுப்பான பையன் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யல்ல.

வாசுகியை நான் கூப்பிடவில்லை. அவளுக்கு நானே சொல்லியிருப்பேன் என்று எங்கள் லைனில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் அதற்குள் ஓடையைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்ததாக உங்களிடம் சொன்னேன். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் சாமி விளக்கை ஏற்றாமல் வாசலைத் தாண்டமாட்டாள். திரியைத் திரிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். அது போனில் இருக்கிறது, மறைக்க முடியாது. போயிட்டு வரேன் என்று சொல்லக் கூப்பிட்டாள் என்று சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம் நின்றது. அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அய்யாவுதான் பையைக் கொண்டுவந்தார். பையில் ஈரம் மட்டுமே இருந்தது. கிழியவில்லை. சில்வஸ்டர் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் காலால் உதைத்தார். இந்தச் சனியன்தான் அந்தப் பொண்ணை முழுங்கிருச்சு என்று அழுதார். அவரைப் பிடித்து உட்காரவைத்து நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த வாரம் புது கம்ப்யூட்டர் வந்தது.

அத்தை தெய்வம்மா அரவேணுவிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா எம் புள்ளை என்ன சொன்னா மாப்பிள்ளை என்று கேட்டார். உங்களை நல்லாப் பாத்துக்கச் சொன்னா என்றேன். அவர் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் போனில் என்னிடமே சொன்னார்.

ஏன் என்று கேட்பீர்கள். அவளுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். தூரத்தில் அதைப் பார்த்து, பையைப் போட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்து, இந்த மலையைத் தனியாகத் தாண்டமுடியாது என்று என்னிடம் சொல்ல வேண்டும். பஸ் போயிருக்கும். குன்னூரும் போயிருக்கும். அதற்காகத்தான் என்று நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்கு ஒத்துவரவில்லை. அவள் பஸ்ஸை விட வேண்டும் என்பதுதான் என் ஆசை என்றால், அதற்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். செய்தி போயிருக்கும். அவள் மேல் ரோட்டில் சுற்றியிருப்பாள். பஸ் போயிருக்கும். என் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் நான் கேட்டது எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் யானை வழிமறித்தது என்றால் குன்னூரில் யாரும் கோபிக்கமாட்டார்கள். நாளைக்கு வா என்பார்கள். அவள் நாளைக்குப் போயிருப்பாள். இதெல்லாம் விரல் பொத்தானின் மேல் இருந்தபோதே எனக்குத் தெரிந்திருந்தது. படித்தவன் இல்லையா.

மெஷினைப் பற்றி நான் சொன்னது பொய். பஸ்ஸைப் பற்றி எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் பொய். இனி அந்தப் போன் பேச்சு.

கோயில் வளைவு வரைக்கும்தான் சிக்னல் இருக்கும். கீழே இறங்கினால் போய்விடும். அவள் அந்த வளைவில் நின்று கூப்பிட்டாள். முன்பு தகரம் தட்டி, கூவி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு இறங்கிய இடம் அது. கோயில் மணி லேசாகக் கேட்டது. காற்றில் தானாக ஆடியிருக்கும்.

“ஏனுங்க, வளைவுல நிக்கறேன். செய்தி ஒண்ணும் வரலைங்க. ஆனா மெஷினுதான் ரிப்பேராச்சே, வராததை வெச்சு எப்படி எறங்கறதுன்னுதான் கூப்பிட்டேன். சத்தம் போட்டுப் பாக்கட்டுங்களா?”

“எதுக்கு? பாதை சும்மாதான் இருக்கு” என்றேன். “அய்யாவுகிட்ட இப்பத்தான் பேசினேன். எறங்கு.”

என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் முன்னால் திரை வெளிச்சமாக இருந்தது. அவள் பையைத் தோளில் சரிசெய்யும் சத்தம் கேட்டது. அவள் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. சொன்னது இதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

“அப்பச் சரிங்க. மெஷினு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன, நீங்க சொன்னீங்கன்னா நான் கண்ணை மூடிட்டு எறங்குவனுங்க.”