நாலு ஏழும் நாலு பத்தொன்பதும்

ஹலோ... ஹலோ, மாமி? நான் மிதுனா... உஷாந்தியின்ர தங்கச்சி... ஓம் ஓம், வெள்ளவத்தையில இருந்துதான்... மாமி, வைச்சிடாதேங்கோ. ப்ளீஸ், ரெண்டே ரெண்டு நிமிசம்... ஓம், காலமை அம்மா மூண்டு தரம் எடுத்தவ, நீங்கள் தூக்கேல்லை... இல்லை மாமி, குறையாச் சொல்லேல்லை...

ஓம். அந்தப் படத்தைப் பற்றித்தான்... ஓம், அதைச் செய்தது நான்தான்.

மாமி, அது சாத்திரம் இல்லை... ஐயோ, சொல்லுறதைக் கேளுங்கோவன். வேலையால வந்து நான் பொழுதுபோக்குக்குச் செய்யிறது அது. பைதன் எண்டு கொம்பியூட்டருக்கு எழுதுற ஒரு மொழி. கொஞ்ச வரி எழுதி விட்டா அது தன்ர பாட்டில படம் கீறும். ஒரு நாளைக்கு மழையைக் கீறிப் பாப்பன், ஒரு நாளைக்கு காலி வீதி பஸ்ஸுகளைச் சதுரம் சதுரமாக் கீறிப் பாப்பன்... ஓம், வேலைவெட்டி இல்லாத வேலைதான். அம்மாவும் அதைத்தான் சொல்லுறவ. அப்பிடித்தான் இதையும் செய்தனான்.

ரெண்டு பேற்ற பிறந்த நேரத்தையும் குடுத்தா ரெண்டு கோடு வரும். அக்கான்ர சிவப்பு, உங்கட மகன் ராகுலன் அத்தான்ர நீலம். ரெண்டும் அங்கயும் இஞ்சயும் வளைஞ்சு போகும். சந்திக்கிற இடத்தில ஒரு மஞ்சள் பொட்டு விழும். அவ்வளவுதான் மாமி, வேற ஒண்டும் அதுக்குத் தெரியாது...

ஓம், உங்கட படத்தில பொட்டு இல்லை. கேள்விப்பட்டனான்...

மாமி, அதுக்காகத் தாலிக்குப் பொன்னுருக்கிறதை நிப்பாட்டுவினமே? நாளைக்கு விடிஞ்சாப் பொன்னுருக்கல்! சாத்திரியார் பத்தில எட்டுப் பொருத்தம் எண்டு...

என்ன?... என்ன சொல்லுறியள்?... நாங்கள் நேரத்தை மாத்திக் குடுத்தனாங்களோ?... ஆர் மாமி அப்பிடிச் சொன்னது?... அத்தானோ?... அத்தானே சொன்னவர்?

இல்லை மாமி. இல்லை. அக்கா பிறந்த ஆஸ்பத்திரித் துண்டு இண்டைக்கும் அலுமாரிக்குள்ள கிடக்கு, இப்பவே படம் எடுத்து அனுப்பட்டோ? நேரத்தை மாத்திப் பிள்ளையைத் தள்ளிவிடுற வீடு இல்லை இது! எங்கட அக்காவுக்கு என்ன குறை எண்டு நாங்கள்...

சரி. சரி மாமி. சத்தம் போடேல்லை. பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ... நீ சும்மா இரக்கா, நான் கதைக்கிறன்... இல்லை மாமி, உங்களுக்கில்லை. அக்கா பக்கத்தில இருக்கிறா. காலமையில இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை.

ஓம்... ஓம்... பத்துத் தரம் தட்டிப் பாத்தியளோ?... பத்துத் தரமும் அதே படம்தான் வந்ததோ... ஓம், வரும். வரத்தான் வேணும். அது உண்மையைக் கண்டுபிடிச்சதால இல்லை மாமி. குடுக்கிற இலக்கத்தை வைச்சுத்தான் அது தாயம் உருட்டுது. அதே இலக்கம் எண்டா அதே உருட்டல், அதே கோடு. நான் அப்பிடித்தான் எழுதி வைச்சனான். ஒருத்தற்ற நேரத்தை ஒரு நிமிசம் கூடக்குறையக் குடுத்தியள் எண்டா அவற்ற முழுக்கோடும் வேற பக்கம் போயிடும்...

பொறுங்கோ மாமி, ட்ரெயின் போகுது, ஒண்டும் கேக்கேல்லை... பொறுங்கோ...

ஆ, சொல்லுங்கோ... ஓம்... இல்லை, நான் ஒண்டு யோசிச்சனான். உங்கட படத்தில ஒரு பொட்டும் இல்லையோ? வடிவாப் பாத்தனீங்களோ?... ஒண்டும் இல்லை... மாமி, இஞ்ச நான் கீறினதில மூண்டு பொட்டு விழுந்தது. அதைத்தான் அக்கா தன்ர போனில முன்னுக்குப் போட்டு வைச்சிருக்கிறா... ஓம், அதே நேரங்கள்தான். புரோகிராமும் அதேதான், அத்தான் கேட்டு நான்தான் வட்ஸ்அப்பில அனுப்பினனான். பிறகெப்பிடி உங்களுக்கு வேற வந்தது?

லப்டொப் கிட்ட இருக்கோ?... அத்தான் எங்க?... கீழ கார் கழுவுறாரோ. பரவாயில்லை, அவரைக் கூப்பிட வேண்டாம், நீங்களே பாக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கோ... ஓம், ஆறுதலா...

*அய்யே, பொட்டக் இன்ன! மங் எனவா!*... இல்லை மாமி, லொறிக்காரனைச் சிங்களத்தில கொஞ்சம் நிக்கச் சொன்னனான். நாளைக்குச் சனம் இருக்கச் சொல்லி வைச்ச கதிரை வந்து வாசல்ல நிக்குது. இறக்கிறதோ திருப்பி அனுப்புறதோ எண்டு அம்மாவுக்குத் தெரியேல்லை, அவ அப்பிடியே நிக்கிறா.

படத்தின்ர அடியில, இடப்பக்க மூலையில, சின்னனா இலக்கம் இருக்கோ?... ஓம், அதுதான். முதலாவதை வாசியுங்கோ... பூச்சியம், அஞ்சு, நாலு, ரெண்டு. அது அக்கா. விடிய அஞ்சு நாப்பத்திரண்டு. அக்கான்ர சாதகக் குறிப்புக் கையில இருக்கோ?... எடுத்துப் பாருங்கோ மாமி, நான் நிக்கிறன்...

அதேதானே? அஞ்சு நாப்பத்திரண்டு. நாங்கள் ஒண்டையும் மாத்தேல்லை.

இப்ப ரெண்டாவது... பூச்சியம், நாலு, ஒண்டு, ஒன்பது...

இன்னொருக்கா வாசியுங்கோ.

மாமி... அத்தான் பிறந்தது எத்தினை மணிக்கு?... எனக்குத் தெரியும், ஆனா நீங்கள் சொல்லுங்கோ... நாலு ஏழு. ஓம். பெத்த உங்களுக்கு மறக்குமே...

அவற்ற குறிப்பிலயும் பாக்கிறியளோ?... ஓம், அதிலயும் நாலு ஏழுதான்.

அந்த இலக்கத்தை ஆர் அடிச்சது?... நீங்கள் எண்டர் மட்டும்தான் தட்டினனீங்கள். அடிச்சு வைச்சது அத்தான்... ஓம், கை தவறியிருக்கும். நானும் அப்பிடி நினைக்கத்தான் பாக்கிறன். ஆனா ஏழு அடிக்கப் போய்ப் பத்தொன்பது விழாதே மாமி.

ஒண்டுமில்லையக்கா. இரு. சொல்லுறன்.

மாமி, இன்னும் ஒரே ஒரு வேலை. அந்தப் படத்தை மூடுங்கோ. மேல வலப்பக்கம் பெருக்கல் அடையாளம் ஒண்டு... ஓம். இப்ப பின்னால சின்னச் சின்னப் படமாக் கிடக்குதோ?... அதுதான். கீற கீற ஒவ்வொண்டையும் அது எடுத்து வைச்சுக்கொள்ளும். வடிவான ஒண்டு வந்து துலைஞ்சு போகக்கூடாது எண்டு நான்தான் அப்பிடி எழுதினனான். ஒரே இலக்கத்தை எத்தினை தரம் தட்டினாலும் ஒண்டுதான் நிக்கும். எத்தினை இருக்கு?... எண்ணுங்கோ...

பதின்மூண்டு.

பதின்மூண்டோ?... முதலாவதில என்ன இலக்கம்?... நாலு ஏழு. பொட்டு இருக்கோ?... மூண்டு. ஓம், அதுதான் எங்கட வீட்டுப் படம். அடுத்தது?... நாலு எட்டு... நாலு ஒன்பது... நாலு பத்து... ஓம்... ஓம்... எல்லாத்திலயும் பொட்டு இருக்கு, என்ன?... கடைசியில மட்டும் இல்லை.

மாமி, சிவப்புக் கோட்டைப் பாருங்கோ. பதின்மூண்டிலயும் அது அப்பிடியே நிக்குது, பாத்தியளோ?... நீலத்தை மட்டும்தான் ஒவ்வொரு நிமிசமாத் தள்ளித் தள்ளிப் பாத்திருக்கு. பொட்டு விழாமப் போகுமட்டும்.

போன கிழமை என்னட்டக் கேட்டவர். மிதுனா, ஒரு நிமிசத்தை மாத்தினா என்ன நடக்கும் எண்டு. நான் விசரி, சந்தோசத்தில துள்ளித் துள்ளிச் சொன்னனான், அந்தக் கோடே வேற பக்கம் போகும், பொட்டும் மாறும் அத்தான் எண்டு. என்ர இந்த விளையாட்டைப் பற்றி எங்கட வீட்டில ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை மாமி. அவர்தான் முதல் ஆள்...

அழாதேங்கோ... மாமி, நீங்கள் அழுதா நான் என்ன செய்யிறது... ஓம்... உங்களில பிழை இல்லை... ஆர்? ஆர் வந்தது?

ஹலோ?... ஓம் அத்தான், மிதுனாதான்... ஓம், நான்தான் காட்டினது... பகிடிக்கோ? பதின்மூண்டு தரம் பகிடி விட்டனீங்களோ?

இல்லை, நீங்கள் கேளுங்கோ! வேண்டாம் எண்டா வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே. பொருத்தம் பாக்கேக்க சொல்லியிருக்கலாம், மண்டபம் எடுக்கேக்க சொல்லியிருக்கலாம். இல்லாட்டி அக்காவிட்ட நேரா... எத்தினை தரம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனனீங்கள், ஒரு நாளாவது வாய் வரேல்லையோ?... அம்மான்ர முகத்தைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரேல்லை. ஓ. அதுக்குத்தான் என்ர படம்.

தெரியுமோ உங்களுக்கு, கிருலப்பனையில இருந்து கல்கிசை மட்டும் இருக்கிற சனத்துக்கு இனி நாங்கள் பொய்க்குறிப்புக் குடுத்த வீடு! அக்காவை ஆர் கேட்டு வந்தாலும் முதல் கதை அதுதான். யோசிச்சனீங்களோ?... யோசிக்கேல்லை. ஓம்.

என்ன?... திருப்பிச் சொல்லுங்கோ... புரோகிராமில பிழை எண்டு நான் சொல்லவோ? பிழையை என்னில போட்டிட்டா ரெண்டு வீட்டுக்கும் மரியாதையா முடிஞ்சிடுமோ?

இல்லை, ராகுலன்... ஓம், ராகுலன் எண்டுதான் சொன்னனான்.

அதில பிழை இல்லை. நீங்கள் குடுத்த இலக்கத்துக்கு அது சரியாத்தான் கீறியிருக்கு.

அக்காவிட்ட நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்... இல்லை, பின்னேரம் இல்லை, இப்ப... இஞ்ச பக்கத்திலதான் இருக்கிறா. முதல்ல இருந்தே இருக்கிறா, நான் கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா... பொறுங்கோ, குடுக்கிறன்.

அக்கா, இந்தா. பிடி.

...என்ன?... சத்தமே இல்லையோ? கொண்டா... ஹலோ?... ஹலோ, ராகுலன்?... ஹலோ?

வைச்சிட்டார் அக்கா.

அக்கா, இஞ்ச பார். உன்ர நேரம் சரி. ஒரு நிமிசமும் பிழைக்கேல்லை.