தான் போட்டதைத் தானே எடுத்தது

“தான் போட்டது தப்புன்னு அதுவே பாத்து, அதுவே எடுத்துடுச்சு அண்ணி!”

விழுப்புரத்தில் நான் ஏறிய திண்டிவனம் பேருந்து முண்டியம்பாக்கத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் பட்டுப்புடவையும் மடியில் லேப்டாப்புமாக இருந்த பெண்தான் இப்படிச் சொன்னாள். தங்கையின் நிச்சயத்துக்குப் போகிறவள். மருந்துக்கடைகள் பில் போடும் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதில் ஏதோ கோளாறு. தீராவிட்டால் விக்கிரவாண்டியில் இறங்கித் திரும்பிவிடுவேன், இப்போது தலையில் பூ வேண்டாம் என்று, கூட வந்த அண்ணி பூச்சரத்தை நீட்டியபோதே சொல்லியிருந்தாள்.

“எது எடுத்துச்சு? புரியறமாரி சொல்லு.”

“கிளவுடுல பில்லெல்லாம் சேத்து வெக்கிற டேட்டாபேஸ் அண்ணி. பழைய பில்லு தேடுனா லேட்டாவுதுன்னு அதுவா ஒரு இண்டெக்ஸ் போட்டுச்சு. புஸ்தகத்துப் பின்னாடி எது எந்தப் பக்கம்னு இருக்குமே, அதுமாரி. தேடறது ஜல்தியாச்சு, ஆனா ஒவ்வொரு புது பில்லையும் அதுலயும் குறிக்கணும்ல, பில்லு போடறது மந்தமாயிடுச்சு. கடைக்காரங்க போன் பண்ணிக்கினே இருந்தாங்க, ஒரே பேஜாரு.”

“அப்புறம்?”

“அதுவே அளந்து பாத்து, அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுச்சு. இப்ப ரெண்டும் நல்லா ஓடுது. நான் கையே வைக்கல.”

“யாரும் சொல்லாமயா? உங்கண்ணன் மாட்டுக்கொட்டாய ஜன்னலுக்கு நேரா கட்டிட்டு, நாத்தமே இல்லன்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறாரு.”

சிரித்தபடியே லேப்டாப்பை மூடினாள்.

“விக்கிரவாண்டி எறங்கு!” என்று குரல் கொடுத்தார் நடத்துநர்.

“பூவ வையுங்க அண்ணி” என்று தலையைத் திருப்பிக் காட்டினாள்.