வஞ்சிரமும் தேவாங்கும்

மோகன்ராஜ்: ...கட்டின புருஷனுக்கு வாரா வாரம் மத்தி. உன் காலேஜ் பிரெண்டு எழிலுக்கு மட்டும் வஞ்சிரமா? அதுவும் என்னையே தாம்பரம் மார்க்கெட்டுக்கு அனுப்பி!

ஷர்மிளா: ரெண்டு வருஷம் கழிச்சு மடகாஸ்கர்லேர்ந்து வரான்ங்க...

மோகன்ராஜ்: சுத்திக் கடலு. அங்க மீனே கெடையாதா?

ஷர்மிளா: மீன் இருக்கு. கொரங்குதான் இல்ல.

மோகன்ராஜ்: என்னது?

ஷர்மிளா: அந்தக் காட்டுல ஒரு கொரங்குகூட கெடையாது. பதிலுக்கு லெமூர். அதுக்குச் சொந்த ஊரே அந்தத் தீவுதான். ஒலகத்துல இருக்கிற பச்சோந்தி வகையில பாதி அங்கதான்...

மோகன்ராஜ்: எல்லாம் அய்யா சொன்னதாக்கும்!

ஷர்மிளா: நகருங்க, மீனக் கழுவணும்.

மோகன்ராஜ்: இப்ப மட்டும் பேச்ச மாத்து. போன வாரம் போன்ல அவன்கிட்ட 'தேவாங்கு, தேவாங்கு'ன்னு அப்படிச் சிரிச்சே! நான் ஒல்லிதான். அதுக்காக நாடு விட்டு நாடு...

ஷர்மிளா: அய்யோ! லெமூர் நம்ம ஊரு தேவாங்குக்குச் சொந்தம்னு சொன்னேங்க! அதுக்கா ஒரு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தீங்க?

மோகன்ராஜ்: நான் பி.காம். எனக்கு எப்படித் தெரியும்?

ஷர்மிளா: இன்னும் கேளுங்க. வால்ல வளையம் வளையமா ஒரு லெமூர் இருக்கு. அதுல பொம்பள வெச்சதுதான் சட்டம்.

மோகன்ராஜ்: அதப் பாக்க மடகாஸ்கர் எதுக்கு? நம்ம கீழ்க்கட்டளை வீடே போதும்.

ஷர்மிளா: ரெண்டு ஆம்பளைக்குப் போட்டி வந்தா, கையில ஊறுற வாசனைய வால்ல தேச்சிக்கிட்டு, எதிராளி மூஞ்சிக்கு நேரா ஆட்டும். யாரு தாங்காம ஓடறானோ அவன் தோத்தான்.

மோகன்ராஜ்: ச்சீ!

ஷர்மிளா: ஆமா... என்ன வீடெல்லாம் சென்ட்டு வாசனை?

மோகன்ராஜ்: அது... கொசுவுக்கு.

ஷர்மிளா: கொசுவுக்கு, கல்யாணத்துக்கு வந்த பாரின் சென்ட்டா?

மோகன்ராஜ்: சரி, அவனுக்குத்தான்! எனக்கு எரியுது, போதுமா? அவன் பேரச் சொன்னாலே உன் மொகம் மாறுது. நான் பாக்கலன்னு நெனச்சியா? நெசத்தச் சொல்லு ஷர்மி. அவன் மேல உனக்கு...

ஷர்மிளா: இதெல்லாம் அவன் எனக்குச் சொல்லலைங்க. கெளம்புறதுக்கு முன்னாடி நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

மோகன்ராஜ்: நீயா?

ஷர்மிளா: அவன் போன அந்த லெமூர் ஆராய்ச்சிக்கு மொதல்ல என்னைத்தான் எடுத்தாங்க. அதே மாசம் நம்ம கல்யாணம். வரலைன்னுட்டேன். எனக்கு அடுத்த பேரு அவன்.

மோகன்ராஜ்: என்கிட்ட ஏன் சொல்லல?

ஷர்மிளா: 'போ'ன்னு சொல்லிடுவீங்களோ, 'போகாதே'ன்னு சொல்லிடுவீங்களோ... ரெண்டுக்கும் பயமா இருந்துச்சு.

மோகன்ராஜ்: அப்ப உன் மொகம் மாறுறது...

ஷர்மிளா: பொறாமைங்க.

மோகன்ராஜ்: ...காலிங் பெல் அடிக்குது. வந்துட்டான்.

ஷர்மிளா: நில்லுங்க. அந்த சென்ட்டு பாட்டில இப்படிக் குடுங்க... எனக்கும் கொஞ்சம்.