எண்பத்தைந்து என்று சொன்னேன்

ஐயாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் பீன்ஸ் சரியாக வேகாது, வழக்கறிஞர் அம்மா. எங்கள் தொலைநோக்கித் தளத்தில் எல்லோருக்கும் உள்ள முதல் குறை அதுதான்.

அட்டகாமா பாலைவன மேட்டில் முப்பத்தொரு வருடம் நான் ஒரே வேலையைத்தான் பார்த்தேன். பிரபஞ்சம் பச்சைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பிய ஒளி, இன்றும் மெல்லிய நுண்ணலையாக வானமெங்கும் நிறைந்திருக்கிறது. அந்த ஒளிக்குள், பிரபஞ்சம் பிறந்த கணத்தின் தடமாக ஒரு சுழல் வடிவம் இருக்க வேண்டும். அதைத் தேடினேன். போன மார்ச்சில் கிடைத்தது.

நியேவெஸ் என் குழுவில் கணக்கீடுகளைச் சரிபார்ப்பவள். என் மகளுக்கு ஞானத்தாய். அதை உலகுக்கு அறிவிக்க ஒரு வாரம் இருந்தபோது, ஒரு மதியம் தளத்துக் கொட்டகையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

“லிசாந்த்ரோ, இந்தச் சுழல் வெறும் தூசிப்பா. நம்ம பால்வெளியோட தூசி. கண்ணாடியத் தொடைக்காம, வெளியே மூடுபனின்னு ஊருக்கெல்லாம் சொல்லப் பாத்தோமே.”

“அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க.”

“வரட்டும். ஆளுக்கொரு துடைப்பம் குடுத்து அனுப்புவோம்.”

சிரித்தாள். எழுந்தபோது தள்ளாடினாள். காலையிலிருந்தே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வென்செஸ்லாவ் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தான்.

“புரொபசர், அம்மாவுக்குப் பேச்சே குழறுது. இப்பவே கீழே இறக்கிடலாம்.”

ஆக்சிஜன் அளக்கும் கருவியை அவள் விரலில் நானே மாட்டினேன். ஐம்பத்தெட்டு. அந்த உயரத்தில் எண்பது இருந்தாலே போதும்; அறுபதுக்குக் கீழே போனால் உடனே இறக்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

“எண்பத்தஞ்சு,” என்றேன். “தூங்கினா சரியாயிடும். நீ அந்தப் பழுதான பம்பை ஊருக்குக் கொண்டுபோ.”

அவன் பதிவேட்டில் எண்பத்தைந்து என்று எழுதிவிட்டுப் போனான்.

பிறகு நான்கு மணி நேரம், நாங்கள் இருவர் மட்டும். போர்வையை இழுத்துவிட்டேன். ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டடி தள்ளித்தான் இருந்தது; நான் அதைத் திறக்கவில்லை. அவளுடைய தூசி வரைபடங்களைத் தேடித்தேடி அழித்தேன். ஒருமுறை கண் விழித்து, “வண்டி வந்துடுச்சா?” என்றாள்.

“வந்துட்டே இருக்கு,” என்றேன்.

நாலே காலுக்கு மூச்சு நின்றது.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒரு மதிய நேரப் பேச்சுக்காக முப்பத்தொரு வருடத்தை யார் தூக்கியெறிவார்கள்? இப்போது வேறு இரண்டு குழுக்களும் தூசி என்றுதான் சொல்கின்றன. சொல்லட்டும். கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மோசடிக்காரன் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். என் வாழ்நாளில் ஓர் அளவைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.