ஆடாத இடத்தில் கட்டும் கயிறு

என் பெயர் கன்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு, தகப்பனார் பெயர் பொன்னுசாமி, செஞ்சி வட்டம் தொண்டூர் கிராமத்தில் ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்துகொண்டு மரம் அறுக்கும் தொழில் செய்து வருகிறேன். உதவி ஆய்வாளர் ஐயா கேட்க, யாருடைய மிரட்டலும் இல்லாமல் நானாகச் சொல்கிறேன். நான் சுற்றி வளைக்கிறேன் என்று ஐயா இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் நான் மிஷினைக் கையில் எடுத்தவன் இல்லை, எனக்கு இப்படித்தான் சொல்ல வரும் என்று சொன்னதன் பேரில் மறுபடி எழுதத் தொடங்கினார்.

இந்த வழக்கில் காயம்பட்ட தனகோட்டி என் தெருக்காரர், என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணன் முறை. தானே புயல் அடித்த வருடம் ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களை நாங்கள் இருவரும் கோடாலியாலும் ரம்பத்தாலும் அறுத்து அப்புறப்படுத்தினோம். உள்ளங்கை உரிந்து சோறு பிசைய முடியாமல் போனதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு செயின் மிஷின் வாங்கினோம். மிஷின் என் வீட்டில் இருக்கும், பல் தீட்டுகிற அரம் அவர் வீட்டில் இருக்கும். ஒருவரை விட்டு ஒருவர் வேலைக்குப் போக முடியாதபடி நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் ஒரு நாளும் எங்களுக்குள் மனக்கசப்பு வந்ததில்லை.

அவருடைய மகன் அன்புச்செல்வன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். பிரேக் பிடிக்காத மிஷினை நான் அவன் தகப்பனார் கையில் கொடுத்துவிட்டதாகவும், விபத்துக்குப் பிறகு பயந்துபோய் பிரேக்கைச் சரிசெய்து வைத்ததாகவும் என்மேல் புகார் கொடுத்திருக்கிறான். மெக்கானிக்கை வைத்து இங்கே ஓட்டிப் பார்த்ததில் பிரேக் நன்றாகப் பிடித்தது. அன்றைக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று ஐயா கேட்டதற்கு, தெரியாது என்று முன்பு சொன்னேன். அது பொய். பிரேக்கை நான் சரிசெய்யவில்லை, அது கெட்டுப்போகவும் இல்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அந்த மிஷினை நாங்கள் பிள்ளை மாதிரி வைத்திருந்தோம். தினமும் காலையில் செயினை விரலால் இழுத்துவிட்டுப் பார்ப்போம், விட்டவுடன் பிளேடில் போய் ஒட்ட வேண்டும், தொங்கினால் முறுக்குவோம். அதன் பிறகு பிளேடு நுனியை ஓர் இலைக்கு நேரே காட்டி ஓட்டினால் இலைமேல் எண்ணெய் கோடாக விழ வேண்டும். அதன் பிறகு முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற தடுப்பைத் தள்ளினால் ஓடுகிற செயின் சட்டென்று நிற்க வேண்டும். அந்தத் தடுப்புதான் பிரேக். பிளேடு நுனி எதன்மேலாவது முட்டினால் மிஷின் ஆள்மேல் எகிறும், அப்போது தடுப்பு தானாக முன்னால் சாய்ந்து செயினை நிறுத்தும். இவ்வளவும் பார்க்காமல் நாங்கள் மரத்துக்குப் பக்கத்தில் போனதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் பார்ப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயங்காலம் ராஜகிரி மலைமேல் வெயில் சிவக்கிற நேரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் மிஷினைப் பிடித்துக்கொள்வேன், அவர் அரம் போடுவார். அவர் மனைவி தைலம்மாள் மரத்தூள் துடைக்கத் தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். "இதுக்கு ஊத்தற எண்ணெயில பாதிய என் தலைக்கு வச்சிருந்தா இந்நேரம் சட முழங்காலுக்கு வந்திருக்கும்" என்று சொல்லும். அண்ணன் அரத்தை நிறுத்தாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அரம் வழுக்கும், நான் திட்டுவேன். குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு என் வீட்டில் கூப்பிட்டாலும் எழுந்து போக மனம் வராது. எனக்கு வாய்த்த நல்ல காலம் அதுதான். இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஐயா சொன்னார். தேவை என்று சொல்லி எழுதச் சொன்னேன்.

மிஷின் வாங்கிய வருடம் ஆயுத பூஜைக்குத் தைலம்மாள் அண்ணி மஞ்சள் தடவிய கயிறு ஒன்று கொண்டுவந்து மிஷினுக்குக் கட்ட வேண்டும் என்றது. கட்டுவதற்கு முன்னால் மிஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல ஆடாத எடம் எது கன்னியப்பா?" என்று கேட்டது. நான் பின்கைப்பிடியின் அடியைக் காட்டினேன். அது முதல் எல்லா வருடமும் அங்கேதான் கட்டும். பூஜை போட்ட மிஷினை முதல் வெட்டுக்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். ஆகவே விஜயதசமி அன்று காலையில் மட்டும் செயினையும் பிரேக்கையும் சோதிக்காமல் நேராக மரத்தில் வைப்போம். முதல் வெட்டு எப்போதும் நான் போடுவேன். வெட்டு முடிந்ததும் அண்ணி கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டு முருங்கையில் கட்டிவிடும், அதன் பிறகுதான் மிஷின் அண்ணன் கைக்குப் போகும். கயிறு பின்னால் இருந்ததால் இத்தனை வருடத்தில் எந்தக் குறையும் வந்ததில்லை.

போன ஆடி மாதம் தைலம்மாள் அண்ணி காய்ச்சலில் இறந்துபோனது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை இல்லை என்பதால் இந்த ஆயுத பூஜைக்கு அண்ணன் என் வீட்டுக்குள் வராமல் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றார். மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்துக் காட்டி, "கயிறு மட்டும் நான் கட்டிட்டுப் போறண்டா, அவ கட்டுவா இல்ல" என்று கேட்டார். என் மனைவி வெண்மதி என்னைப் பார்த்தாள். பிறகு அவளே, "உள்ள வாங்க மாமா, கட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் சூடம் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கயிறு கட்டி முடிந்து அதன்மேல் சாமந்தி மாலையும் போட்டாகிவிட்டது. கயிறு எந்த இடத்தில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ராஜாராம் என்பவரின் கிணற்று மேட்டில் சாய்ந்து கிடந்த பூவரசை அறுக்கப் போனோம். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், "இந்த வருசம் நீ தொடங்குண்ணே" என்று நான்தான் சொன்னேன். அவர் மாலையைக் கழற்றி மரத்தின்மேல் வைத்துக் கும்பிட்டார். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கொடுவாளால் சின்னக் கிளை, மிலார் எல்லாம் கழித்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, அதன் பிறகு சத்தம் மாறியது. மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கிளையில் பிளேடு நுனி முட்டி மிஷின் எகிறியிருக்கிறது. செயின் நிற்காமல் அவருடைய இடது தோளைக் கிழித்தது. பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்பது அவர் பழக்கம் என்பதால் கழுத்து தப்பியது.

நான் ஓடிப் போய் மிஷினை அணைத்துவிட்டு என் லுங்கியை மடித்துத் தோளில் வைத்து அழுத்தினேன். அப்போதுதான் கயிற்றைப் பார்த்தேன். முன்தடுப்பையும் முன்கைப்பிடியையும் சேர்த்துப் பல சுற்று சுற்றி முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டியிருந்தது. தடுப்பு அசைய வழியே இல்லை. சத்தம் கேட்டு வந்துகொண்டிருந்த ராஜாராம் தூரத்திலிருந்தே, "தீட்டு வூட்டுக்காரரை பூஜையில சேத்தீங்களாமே" என்று கேட்டார். அதைக் கேட்டவுடன் கொடுவாளால் கயிற்றை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கை வைத்ததால்தான் ரத்தம் விழுந்தது என்று ஊர் பேசும், அதை அண்ணன் காலத்துக்கும் சுமப்பார். என்னைப் பிடித்துப் போட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அதனால்தான் தெரியாது என்று சொன்னேன்.

அதன் பிறகு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அன்புச்செல்வன் வார்டு வாசலில் மறித்து, "எங்க நைனாவப் பாக்க நீங்க வராதீங்க" என்றான். உள்ளேயிருந்து அண்ணன், "வுடுடா அவன" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் நலம் விசாரிக்கக்கூட விடாமல், "கயிறு எங்கடா?" என்று கேட்டார். அறுத்து எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். "ஸ்டார்ட் பண்றப்பவே கை பட்டுது, பிரேக்கு நவுரல. கயிறு புடிச்சிக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சிது. அறுக்க மனசு வரலடா" என்றார். பிறகு, "அவ எங்க கட்டுவா?" என்று கேட்டார். பின்கைப்பிடியில் என்று சொன்னேன். "இத்தன வருசமா கட்டறப்ப எதிர்லதான நின்ன, பாக்கலயா?" என்று நான் ஆற்றாமையில் கேட்டுவிட்டேன். அதற்கு அவர், "நான் எங்கடா கயித்தப் பாத்தேன்? அவளத்தான பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்புச்செல்வன் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஸ்டேசன்ல போயி உள்ளதச் சொல்லு, ஊரு இன்னா பேசுனா இன்னா" என்று அண்ணன் சொன்னதன் பேரில் இன்று வந்து சொல்கிறேன். அவர் கை பட்டதால் இது நடக்கவில்லை, கயிறு கட்டிய இடத்தால் நடந்தது. பிரேக்கைச் சோதிக்காமல் மிஷினை ஓட்ட விட்டது இருவர் தப்பும்தான். இனி எந்தப் பூஜையானாலும் சோதித்துவிட்டுத்தான் முதல் வெட்டு. இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன், ஐயா எழுதினார்.

நான் அறுத்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை, ரத்தக் கறையோடு, ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டேன். வழக்கு முடிந்ததும் அதைத் தனகோட்டி அண்ணனிடமே கொடுக்க வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்கும் அவர்தான் கட்டுவார். அந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று இடத்தைக் காட்டுவேன்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன், என் வாயில் வந்தபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) பொ. கன்னியப்பன்