கப்பல் நேரம்

— மணி என்ன ஆச்சு, ஹெட்லி?

— இப்பதானே கேட்டே, யூனா கண்ணு. மூணே கால். டீயைக் குடி, ஆறிடப் போகுது.

— அந்த மாதாகோயில் கடிகாரத்தைப் பாரு மனுஷா. நாலே கால்னு காட்டுது.

— அது பெர்கன் ஊர் மணி. என் கையில கட்டியிருக்கறது கப்பல் மணி. நியூகாசில்ல ஏறினப்போ வச்ச நம்ம இங்கிலாந்து நேரம். கப்பல் அதுலதான் ஓடுது. நார்வே மணி எப்படி ஓடினா நமக்கென்ன?

— நாலரைக்குள்ள ஏறலைன்னா ஏணியை எடுத்துடுவோம், நாலே முக்காலுக்கு கிளம்பிடுவோம்னு காலையில மைக்குல கத்தினாங்களே.

— கப்பல் மணிக்கு நாலரை. இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் முழுசா கிடக்கு. பதறாதே.

— பதறாதே, பதறாதே! நாப்பத்திரண்டு வருஷமா இதே பாட்டு. நீ பதறாம நடந்த அழகுலதான் உன் தம்பி கல்யாணத்துக்கு கேக் தீர்ந்த பிறகு போய் நின்னோம். பேசாம கப்பல்காரங்க பஸ்ஸுலயே ஊர் சுத்தியிருக்கலாம். அந்த பஸ் லேட்டானா கப்பல் காத்து நிக்கும். நம்மள மாதிரி தனியா இறங்கி நடக்கறவங்களுக்கு ஒரு நிமிஷம் நிக்காது.

— சட்டையில நம்பர் ஒட்டிக்கிட்டு நாப்பது பேரோட ஆட்டு மந்தை மாதிரி போகணும். உனக்கு ஒத்துக்காதுன்னுதான்.

— எனக்கு ஒத்துக்காதா? நான் டிக்கெட் கேட்டேன், நீதான் வேண்டாம்னே. உண்மையைச் சொல்லு. எதுக்கு என்னை இந்த டீக்கடையில ரெண்டு மணி நேரமா உக்கார வச்சிருக்கே?

— மழை பெய்யுதே.

— இந்த ஊர்ல மழை என்னைக்கு நின்னிருக்கு? இந்தத் தெருவுல மேல ஏறி ரெண்டாவது வளைவு, மஞ்ச வீடு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கிறிஸ்துமஸ் அட்டையில விலாசம் போட்டுத்தான் அனுப்பறா.

— அவளுக்கு ஒரு பேரு இருக்கு. ஹெஸ்தர். சொன்னா நாக்கு வெந்துடாது.

— மணி என்ன?

— மூணு இருபத்தஞ்சு. ஏழு வருஷம் ஆச்சு, யூனா. நமக்கு இருக்கறது ஒரே பொண்ணு.

— அந்த ஒரே பொண்ணுக்காகத்தான் நம்ம ஊர் விட்பியில மீன் வறுவல் கடையைக் கட்டிக் காத்தேன். பேர்ப்பலகையைக்கூட அவ பேருக்கு மாத்தி எழுதச் சொல்லியாச்சு. எண்ணெய் நாத்தம் தாங்கலன்னு சொல்லிட்டு அந்த நார்வே நெட்டையனோட கப்பலேறிட்டா.

— நீ சொன்னதையும் சேர்த்துச் சொல்லு.

— சொன்னேன். இனி என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னேன். அவளும் முழிக்கல. பொறந்ததுலேந்து அன்னைக்கு ஒரு நாள்தான் என் பேச்சைக் கேட்டிருக்கா.

— பேத்திக்கு நாலு வயசு. சிக்னெ உன்னை மாதிரியே இடுப்புல கை வச்சுக்கிட்டு சண்டை போடறா. நீ ஒரு தடவைகூடப் பாத்ததில்ல.

— அவ முதல்ல கூப்பிடட்டும்.

— அவளும் இதையேதான் சொல்றா.

— ஓஹோ! அப்ப பேச்சுவார்த்தை நடக்குது.

— ஞாயித்துக்கிழமை மட்டும், போன்ல. தோட்டத்து ஷெட்டுல உக்காந்து.

— தக்காளிக்குத் தண்ணி ஊத்தறேன்னு போறது இதுக்குத்தானா? செடி காஞ்சு கருவாடாப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, மனுஷா. நீ இன்னும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கே.

— தெரிஞ்சும் கேக்கலையா?

— கேட்டா நீ பேசறதை நிறுத்திடுவே. சரி, மணி என்ன?

— மூணு முப்பத்தஞ்சு. கண்ணு, பத்தே நிமிஷம். மேல ஏறி கதவைத் தட்டிட்டு இறங்கி வந்துடலாமே?

— ஊர் சுத்த வந்த இடத்துல போற போக்குல எட்டிப் பாக்கறேன்னு போய் நிக்கணுமா? நடக்காது. வேற போக்கிடம் இல்லாமப் போனாத்தான் நான் அவ வாசல்ல நிப்பேன்.

— உன் பிடிவாதத்தை உடைக்க ஆள் பொறந்து வரணும்.

— ஹெட்லி, அங்க ஓடறது கப்பல்ல நம்ம சாப்பாட்டு மேசையில உக்கார்ற பெர்சிவலும் அவன் தங்கச்சியும்தானே? குடையைக்கூட விரிக்காம நனைஞ்சுக்கிட்டு ஓடறாங்க!

— அவங்க தினமும் ஓடறவங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜன்னலோர மேசை பிடிக்கணும்ல.

— நமக்கும் நேரமாச்சோ என்னவோ.

— அப்ப கிளம்பலாமா?

— இரு, இந்த லவங்கப்பட்டை பன்னை முடிச்சிடறேன். இன்னொரு டீ சொல்லு. மணி பாத்துச் சொல்லு.

— மூணு நாப்பத்தஞ்சு.

— இன்னும் அவ்வளவுதானா?

— பதறாதேன்னா கேக்க மாட்டியா நீ?

— உனக்கு ஏன் நெத்தியில வேர்க்குது? இந்தக் குளிருல?

— டீ சூடு.

— நீ ஒரு வாய்கூடக் குடிக்கல. ஐயையோ, அது என்ன சத்தம்?

— மீன்பிடிப் படகா இருக்கும்.

— மீன்பிடிப் படகு ஜன்னல் அதிர ஊதுமா? அது நம்ம கப்பல்! எந்திரி ஹெட்லி, எந்திரி!

— மெதுவா, மெதுவா! கல்லெல்லாம் வழுக்குது. என் கையைப் பிடிச்சுக்க.

— நீ முன்னால ஓடிப் போய் நிறுத்தச் சொல்லேன்.

— உன்னை நடுத்தெருவுல விட்டுட்டா?

— அதுவும் சரிதான். என் முட்டி ஓடற முட்டியா? மணி என்ன?

— நாலு.

— உன் மணிக்கு நாலு. அந்த மாதாகோயில் மணிக்கு அஞ்சு. ஹெட்லி... துறையில வெறும் தண்ணிதான் தெரியுது. கப்பல் எங்கே?

— அதோ. முனை திரும்பிடுச்சு.

— ஹார்க்கர் ஐயா, ஹார்க்கர் அம்மா, நீங்கதானே? நான் ஸ்வெர்ரெ, கப்பலுக்கு இந்தத் துறைமுகத்துல ஏஜென்ட். பாருங்க, ரெண்டு தடவை உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

— தம்பி, கப்பல் மணிக்கு இன்னும் நாலுதானே ஆகுது?

— இல்லைங்கம்மா. கப்பல்லயும் அஞ்சு, ஊர்லயும் அஞ்சு. கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வைக்கச் சொல்லி நேத்து ராத்திரியே எல்லா அறைக்கும் கதவுக்கடியில சீட்டு போட்டிருப்பாங்களே?

— ஹெட்லி?

— வந்துச்சு. எடுத்து என் ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன். திட்டணும்னா திட்டு யூனா, நடுத்துறையில நின்னு திட்டு. கப்பல் போனா ராத்திரி தங்கறதுக்கு ஹெஸ்தர் வீட்டை விட்டா உனக்கு வழியில்லைன்னுதான் செஞ்சேன். வேற எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியல.

— பாருங்க, குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. ஆள் வந்து சேரலைன்னா அறையைத் திறந்து பெட்டகத்துல இருக்கற பாஸ்போர்ட்டை எங்ககிட்ட குடுத்துட்டுப் போறது வழக்கம். இந்தக் கவர்ல உங்களுது இருக்கு ஐயா. அம்மாவோடது இல்ல. அறை முழுக்கத் தேடிப் பாத்துட்டாங்களாம்.

— இல்லையா? ரெண்டையும் ஒண்ணாத்தானே வச்சேன்! கடவுளே, பாஸ்போர்ட் இல்லாம இவளை எங்க கூட்டிட்டுப் போவேன்? நான் பண்ணின கூத்து எங்க வந்து நிக்குது பாரு...

— பதறாதே.

— எப்படிப் பதறாம இருக்கறது?

— என் கைப்பையில இருக்கு. காலையில நீ குளிக்கப் போனப்பவே எடுத்து வச்சிட்டேன். பல் தேய்க்கற பிரஷ், முட்டி மாத்திரை, அந்தக் குட்டிக்குப் பின்னின ஸ்வெட்டர், எல்லாம் இதுலதான் இருக்கு.

— அப்ப அந்தச் சீட்டு...

— நீ ஷூவுக்குள்ள திணிக்கறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். நான் மணி கேட்டுக்கிட்டே இருந்தது கப்பல் போயிடுமோன்னு பயந்து இல்ல, மனுஷா. இன்னும் போகலையேன்னு பயந்து.