பங்குனியில் செவ்வோடை

தூரத்தில் ‘தும்’ என்கிறது. பிறகு சீழ்க்கை. பிறகு தோணிக்கு வலப்பக்கம் கடல் எழும்புகிறது. நான் எண்ணுகிறேன். சத்தத்துக்கும் தண்ணீர் எழும்புவதற்கும் நடுவே நாலு. அடுத்ததற்கு மூன்று.

“குப்புறப் படுங்கலே! எல்லாரும் குப்புறப் படுங்க!” கத்துவது தண்டல் கஸ்பார். தோணியை நடத்துகிறவர்.

மூன்றாவது குண்டு பாய்மரத்தை முறித்தது. நான்காவது குடிதண்ணீர்ப் பீப்பாயை உடைத்தது. பலகை மேல் தண்ணீர் ஓடியது. கயிற்றுச் சுருளில் முட்டியது. வளைந்தது. ஓட்டை வழியே கடலில் இறங்கியது. பக்கத்தில் மூன்று பேர் செத்துக் கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பள்ளிநாளில் நடந்து பார்த்த செவ்வோடை நினைவு வந்தது. அதுவும் இப்படித்தான் முட்டி வளையும். கரை சேர்ந்தால் தண்ணீர் உண்டு, எங்கே என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. மனது துள்ளியது.

வருஷம் 1942. ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. நான் அங்கே ஒரு மொத்தக்கடையில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். வியாழக்கிழமை தூத்துக்குடித் தோணி ஒன்றில் ஏறினேன். தோணிக்காரர்கள் எட்டுப் பேர். பயணிகள் ஆறு பேர். வெள்ளி நண்பகலில் நீர்மூழ்கி மேலே வந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். கொடியைப் பார்க்கவில்லை. பீரங்கியைத்தான் பார்த்தேன்.

தண்ணீரில் குதித்தவர்களில் இரண்டு பேர் மேலே வரவில்லை. மீதி ஒன்பது பேர் சிறுபடகில். துடுப்பு இரண்டு. தண்ணீர் இறைக்க ஒரு பனையோலைப் பட்டை. குடிக்க ஒன்றும் இல்லை. பயணி ராசையா அண்ணாச்சிக்கு வயிற்றில் மரச் சிராய் ஏறியிருந்தது. அவர் மனைவி செல்லக்கனி அக்கா சேலையைக் கிழித்து அமுக்கிப் பிடித்திருந்தார். மடியில் நாலு வயது மகள்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது? பள்ளி இறுதி வருஷம் செவ்வோடையைத் தொடக்கத்திலிருந்து கடல் வரை நடந்தவன் நான். ஏழு மைல். பெரிய நிலப்படங்களில் அதற்குப் பெயர்கூட இல்லை. குளம் நிறைந்து வழிகிற மறுகாலில் பிறக்கிறது. உடங்காட்டு முள்மரங்களுக்குள் நுழைகிறது. யார் கட்டியது என்று தெரியாத ஒரு செங்கல் மதகைத் தாண்டுகிறது. தேரி என்கிற செம்மணல் மேட்டில் முட்டி வடக்கே திரும்பிக் கடலுக்கு வருகிறது. முன்பு நேர் கிழக்கே போனதாம். ஆடிக் காற்று மணலைக் கொண்டுவந்து பழைய பாதையை மூடிவிட்டதாம். “ஓடை சாகல. மண்ணுக்கு அடியில போவுது” என்று தேரிக்காரர்கள் சொன்னார்கள். மூடநம்பிக்கை என்று, நான் வரைந்த படத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

மிக்கேல் துடுப்பை நிறுத்தினான். தோணிக்காரர்களில் இளையவன். என் வயதுதான்.

“ஏலே வாத்தியாரு, தாள்ல ஓடுத தண்ணிய எப்படிலே குடிக்க?”

யாரோ சிரித்தார்கள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம் அந்தப் படகில் யாரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை மாலை தோணிக்காரர் ஒருவர் கடல்தண்ணீரைக் குடித்தார். விடிவதற்குள் செத்தார். மீதி எட்டுப் பேர்.

ஞாயிறு காலை. மேற்கே சிவப்பாக ஒரு கோடு. தேரி! வடக்கே வெகு தொலைவில் ஆலந்தலைக் கோயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. நீரோட்டம் தெற்கே இழுக்கிறது.

“வடக்க வலிங்கலே” என்றார் கஸ்பார். “ஆலந்தலையில ஆளிருக்கும்.”

“அது ஆறு மைலு, தண்டலாரே! ஓடை வாய் நேரா இங்கனதான் இருக்கு. ஒரு மைலு. நல்ல தண்ணி. நான் நடந்து பாத்த இடம்.”

“நெசமாத்தான் சொல்லுதியா?”

“ஆமா.”

“கிட்டத்துல போங்க” என்றார் செல்லக்கனி அக்கா. “இவுக தாங்க மாட்டாக.”

கஸ்பார் ராசையாவைப் பார்த்தார். படகைத் திருப்பினார்.

நீ எந்த மாதம் நடந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. நான் நடந்தது கார்த்திகையில். இது பங்குனி.

ஓடை வாயை மணல் திட்டு மூடியிருந்தது. கிட்டத்தில் போன பிறகுதான் தெரிந்தது. அலை திட்டில் ஏறி உடைகிறது.

“திருப்புலே! திருப்பு! திட்டு!”

படகு குறுக்கே விழுந்து கவிழ்ந்தது. பலகை பிளக்கிற சத்தம். ஒரே ஒரு தடவை. மிக்கேல் படகுக்கு அடியில் போனான். ஏழு பேர் மணலில் கிடந்தோம். எதிரே என் ஓடை. வெடித்த களிமண். ஒரு செத்த நண்டு. துளி ஈரமில்லை.

கஸ்பார் என்னைத் திட்டவில்லை. எழுந்து நடக்க முடியாத தோணிக்காரர்கள் இரண்டு பேர். அவர்களைப் படகின் நிழலுக்கு இழுத்தார். “நா இவனுவளோட இருக்கேன். நீ போ. தண்ணியோட வா.”

ஓடைக்குள் நடக்கிறோம். ராசையாவைக் கைத்தாங்கலாக நானும் அக்காவும். குழந்தை என் முதுகில். அழுதுகொண்டிருந்தது. முதல் மைலில் அழுகை நின்றது. அது அழுகையைவிடக் கொடுமை. வளைவுக்கு வந்தபோது ராசையா உட்கார்ந்தார். எழவில்லை. அக்கா அவர் கண்ணை மூடினார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, இந்த ஓடை முன்ன எங்கன போச்சுன்ன?”

தேரி மேட்டைக் காட்டினேன்.

அந்த மேட்டின் அடியில் கையால் பறித்தோம். முழங்கை ஆழம். சூடான மணல். தோள் ஆழம். மணல் சரிகிறது. மறுபடி பறிக்கிறோம். என் நகம் இரண்டு பிய்ந்தது. குழிக்குள் இறங்கி நின்று இடுப்பளவு பறித்ததும் மணலின் நிறம் மாறியது. அப்புறம் ஊறியது. சிவப்பாக. மெதுவாக. ஒரு உள்ளங்கை நிறைய எவ்வளவு நேரம்! அக்கா சேலை நுனியை நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தார். குழந்தை விழுங்கியது. தொண்டை அசைவதைப் பார்த்தேன்.

இடுப்பில் செருகியிருந்த படகுப் பனையோலைப் பட்டையில் ஊறிய வரைக்கும் நிரப்பிக்கொண்டு கடலுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன். தவழ்ந்தேன். பாதி சிந்தியது. சூரியன் விழுந்துகொண்டிருந்தது. கஸ்பார் உயிரோடு இருந்தார். மற்ற இரண்டு பேர் முகத்தின் மீதும் சட்டையைப் போர்த்தியிருந்தார்.

“குடிங்க, தண்டலாரே.”

“நேரமாயிப்போச்சுலே” என்றார். குடித்தார்.

மறுநாள் காலை வடக்கே பனை ஏறுகிற ஒருவர் எங்களைக் கண்டார். பதனீர் தந்தார்.

ஒரு வருஷம் ஆகிறது. ஆலந்தலைக்குப் போயிருந்தால்? கஸ்பாரிடம் கேட்டேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “மிக்கேலு இருந்திருப்பான்” என்றார். “மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது.”

ஏறியவர்கள் பதினாலு பேர். தோணியில் மூன்று. தண்ணீரில் இரண்டு. படகில் ஒன்று. திட்டில் மிக்கேல். வளைவில் ராசையா. கரையில் இரண்டு. ஆகப் பத்து. அவர்களில் ஆறு பேருக்குக் கல்லறை இல்லை. இழந்தது தோணி ஒன்று, படகு ஒன்று. பிழைத்தவர்கள் நாலு பேர். அதில் ஒருத்திக்கு இப்போது ஐந்து வயது. அப்பா எங்கே என்று கேட்கிறாள்.

போர் முடியவில்லை. தோணிகள் இன்னும் போய் வருகின்றன. ஓடை வாய்க்குப் பக்கத்தில் கிணறு வேண்டும். போன மாதம் நானும் கஸ்பாரும் வெட்டினோம். எட்டடியில் மணல் சரிந்து மூடியது. திங்கட்கிழமை மறுபடி போகிறோம், மணலைத் தடுக்கும் சுட்டமண் கிணற்று உறைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை அடியில் தண்ணீர் என்று கஸ்பார் கேட்டார். தெரியாது என்றேன்.